பார்ப்பவர் பலர், பராமரிப்பவர் எவர்?

குதிரை லாயத்திற் கமெராவைப் பொருத்தி, அங்கு நிகழ்வதை இரவு பகலாக இணையத்தின் வழியே எவரும் காணும்படி விடுகின்ற வழக்கம் ஐக்கிய அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் வேறு சில நாடுகளிலும் ஏறக்குறையக் கால் நூற்றாண்டாக இருந்து வருகின்றது. அவ்வழக்கத்தோடு கூடவே இரண்டு கூற்றுகளும் வளர்ந்துள்ளன. முதலாவது, குதிரை வளர்ப்போரிற் பலர் கூறுவது. எமது லாயம் உலகுக்கே திறந்து கிடக்கின்றது, மறைப்பதற்கு எம்மிடம் எதுவுமில்லை, ஆகவே இங்குப் பராமுகம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்பது அது. இரண்டாவது, திரைக்கு முன் இருப்போர் கூறுவது. நாங்கள் விழித்திருக்கின்றோம், ஆகவே அந்தக் குதிரைகளுக்கு நாங்களே காவல் என்பது அது. முன்னையது பெரும்பாலும் விளம்பரம். பின்னையது பெரும்பாலும் சுயதிருப்தி. பார்க்கப்படுகின்ற விலங்கு அக்காரணத்தினாலேயே பராமரிக்கப்படுகின்ற விலங்கு ஆகிவிடுவதில்லை. இவ்வளவு வெளிப்படையான ஒன்றை இரு சாராரும் மறந்திருப்பது அறியாமையினால் என்று கொள்வதற்கில்லை. மறந்திருத்தல் இருவருக்கும் வசதியாக உள்ளது.

கமெராவுக்குரிய நியாயத்தை முதலிற் கூறிவிடல் வேண்டும். லாயத்துக்குள் அது நுழைந்தது ஈற்றின் பொருட்டு. பெட்டைக் குதிரை சினைப்பட்டு ஏறக்குறைய 11 மாதங்களின் பின் ஈனுகின்றது. ஆயின் நாளைத் திட்டமாகக் கூறுதல் அனுபவசாலிகளுக்கும் அரிது. வாரக்கணக்கில் முந்தலாம், பிந்தலாம். மடி கனத்தல், காம்பின் நுனியில் மெழுகு போன்ற துளி கட்டுதல், வாலடித் தசை தளர்தல் முதலிய அறிகுறிகள் தோன்றிய பின்னரும் சில குதிரைகள் பல நாள்கள் தாமதிப்பதுண்டு. பெரும்பாலானவை இரவிலேயே ஈனும். ஆள் நடமாட்டம் அடங்கும்வரை பொறுத்திருந்து, காவலிருந்தவர் தேநீர் அருந்தச் சென்ற சிறு பொழுதில் ஈன்றுவிட்ட குதிரைகளைப் பற்றிய கதை இல்லாத லாயமே இல்லை எனலாம். பனிக்குடம் உடைந்த பின் 20 முதல் 30 நிமிடங்களுக்குள் குட்டி வெளிவந்துவிட வேண்டும். பசுவைப் போல நீண்ட நேரம் முக்கிக்கொண்டிருக்கும் வசதி குதிரைக்கு இல்லை. பிறந்த குட்டி ஒரு மணித்தியாலத்துள் எழுந்து நிற்கவும், இரண்டு மணித்தியாலத்துள் பால் குடிக்கவும், மூன்று மணித்தியாலத்துள் தாயின் நச்சுக்கொடி விழவும் வேண்டும் என்பது குதிரை வளர்ப்போர் மனப்பாடமாக வைத்திருக்கும் கணக்கு. தாயின் நோயெதிர்ப்புச் சத்து நச்சுக்கொடியின் வழியே குட்டியைச் சென்றடைவதில்லையாதலின், முதல் நாளின் சீம்பாலே அதற்கு உயிர்க்கவசம். இத்தகைய இரவுகளில், குதிரையின் அமைதியைக் குலைக்காது, படுக்கையறையில் இருந்தபடியே லாயத்தை நோக்கும் வாய்ப்பைக் கமெரா தந்தது. அயல்நாட்டிற் பகலாக இருக்கையில் இங்கு இரவாக இருப்பதனால், உறங்கிவிட்ட உரிமையாளரைக் கடல் கடந்த பார்வையாளர் தொலைபேசியில் அழைத்து எழுப்பியதும் உண்டு. இவற்றாற் பிழைத்த குட்டிகள் உள. இதனை மறுப்பது வீண் பிடிவாதம்.

ஆயின் இந்த நன்மை எங்கிருந்து வருகின்றது என்பதைச் சற்றுக் கூர்ந்து நோக்கல் வேண்டும். ஈற்றின்போது நேரக்கூடிய விபத்துகளுள் மிகக் கொடியது, நச்சுக்கொடி முன்கூட்டியே கழன்றுவிடுதல். வழக்கமான வெண்சவ்வுக்குப் பதிலாகச் செந்நிறப் பை முதலில் வெளித்தோன்றும். அருகில் நிற்பவர் அப்பையை உடனே கிழித்துக் குட்டியை வெளியே எடாவிடின் அது மூச்சின்றி மாளும். இனி, இரவில் லாயத்தைக் காட்டுகின்ற அகச்சிவப்புக் கமெராவில் நிறமே தெரியாது, யாவும் சாம்பல். எந்த நிறத்தைக் கண்டு ஓடிவர வேண்டுமோ அந்த நிறத்தைக் கருவி காட்டுவதில்லை. சவ்வின் தடிப்பையும் வடிவத்தையும் கொண்டு உய்த்துணரக் கூடியவர் அனுபவமுடையவர். அவ்வாறு உணர்ந்தபின் ஓடிச்சென்று கிழிக்கக் கூடியவர் லாயத்துக்கு அருகில் இருப்பவர். குட்டியைப் பிழைக்க வைப்பது இவ்விருவரும் ஒருவராகவே இருத்தல், அல்லது ஒருவரையொருவர் நொடிப்பொழுதில் அடையக்கூடியவராக இருத்தல். கமெரா அவர்களுக்கு இடையே ஓடும் கம்பி மாத்திரமே.

இணையக் கமெராவின் பிறப்புக் கதையையும் இவ்விடத்து நினைவுகூரலாம். கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வுகூடத்தில் 1991ஆம் ஆண்டு ஒரு கோப்பிக் குடுவையின் முன் கமெராவொன்று வைக்கப்பட்டது. பிற மாடிகளில் இருந்தோர் படியிறங்கி வந்து, குடுவை வெறுமையாய் இருக்கக் கண்டு ஏமாறாதிருப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. 1993இல் அக்காட்சி இணையத்தில் ஏறியது, 2001இல் நிறுத்தப்பட்டது. நடந்து செல்லும் சிரமத்தைத் தவிர்ப்பதே அதன் முழு நோக்கம். கோப்பிக் குடுவைக்கு அது போதும். நடந்து சென்று பார்ப்பதே கடமையாகவுள்ள ஓரிடத்தில் நடையை மிச்சம்பிடிக்கும் கருவியைப் புகுத்தினால் யாது நேரும் என்பதே இங்கு வினா.

குதிரையைப் பொறுத்தவரை பராமுகம் என்பது பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படும் கொடுமையாக வருவதில்லை. சாட்டையடி ஒரு கணத்தில் நிகழ்வது. அதனைக் கமெரா பிடித்துவிடும். பட்டினி அவ்வாறானதன்று. குதிரையின் இரைப்பை இடையறாது அமிலம் சுரப்பது. இயற்கையில் அது நாளின் பெரும்பகுதியை மேய்ச்சலிலேயே கழிக்கின்ற விலங்காதலின் அச்சுரப்பு அதற்குப் பொருந்துகின்றது. மாலையில் ஒரு கட்டு உலர்புல் இட்டு மறுநாள் நண்பகல்வரை வெறுங்கொட்டிலில் நிறுத்தினால் இரைப்பையிற் புண் காணும். 500 கிலோகிராம் நிறையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு ஏழரைக் கிலோகிராமுக்குக் குறையாத உலர்தீனும், ஏறக்குறைய 25 முதல் 45 லீற்றர் நீரும் வேண்டும். தொட்டி நிறைந்திருக்கின்றதா, அதன் அடியிற் பாசி படிந்திருக்கின்றதா, குளிர்காலமாயின் மேலே பனிக்கட்டி மூடியிருக்கின்றதா என்பவற்றைச் சுவரின் மேல்மூலையிற் பொருத்திய கமெரா காட்டுவது அரிது. குளம்புகளை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவாவிடின் அவை நீண்டு, பிளந்து, காலின் நிலையையே மாற்றிவிடும். முழங்காலளவு வைக்கோலில் நிற்கும் குதிரையின் குளம்பைத் திரையிற் கண்டவர் யார்? பற்கள் கூராகிக் கன்னத்தைக் கிழித்தலும், நீர் தேங்கிய கொட்டிலிற் குளம்படி அழுகி நாறுதலும் திரைக்கு எட்டாதவை. நாற்றத்தை அனுப்பும் கம்பி இன்னும் செய்யப்படவில்லை.

மெலிவு ஒன்றையாவது கண்ணாற் காணலாம் எனக் கருதுவோர் உளர். ரெக்சாஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகத்தில் ஹெனெக் என்பவரும் சகாக்களும் 1983இல் வெளியிட்ட உடல்நிலை அளவுகோல் இன்றும் உலகெங்கும் குதிரை வைத்தியர்களாற் கையாளப்படுகின்றது. அது 1 முதல் 9 வரையானது. 1 எலும்பும் தோலும், 9 மிகைக்கொழுப்பு. கழுத்து, பிடர்மேடு, தோளின் பின்புறம், விலா, இடுப்பு, வாலடி ஆகிய ஆறு இடங்களையும் பார்ப்பதோடு கையால் அழுத்தித் தடவியும் அறிவதே அம்முறை. தடவுதல் ஏன் என்று கேட்பின், குளிர்நாட்டுக் குதிரை மாரிக்காலத்தில் அடர்ந்த மயிர் போர்த்துக்கொள்கின்றது என்பதே விடை. அம்மயிரின் அடியில் விலா எலும்புகள் வரிசையாய்த் துருத்தி நிற்க, மேலே பார்ப்பவருக்கு உருண்டு திரண்ட கரடிக்குட்டி போலத் தோன்றும் மட்டக்குதிரைகள் உண்டு. வசந்தத்தில் மயிர் உதிரும்போதே உண்மை வெளிப்படும். அதற்குள் மாதங்கள் கழிந்திருக்கும். அகன்ற கோணக் கமெராவோ வயிற்றைப் பெருக்கியும் முதுகை வளைத்தும் காட்டுவது. ஆகவே உண்மையில் மெலிந்திருப்பதைக் கொழுத்ததாகவும், கொழுத்ததை மெலிந்ததாகவும் காட்டவல்ல ஒரு சாட்சியே இன்று நாடுகடந்த தீர்ப்புகளுக்கு ஆதாரமாகின்றது.

தீர்ப்புகளுக்கோ குறைவில்லை. குதிரை நின்றபடியே உறங்கக் கூடியது. மூட்டுகளைப் பூட்டிக்கொள்ளும் அமைப்பு அதன் கால்களில் உள்ளது. அதனை அறியாதவர், பல மணித்தியாலம் அசையாது நிற்கும் குதிரையைக் கண்டு நோயென்பர். ஆழ்ந்த உறக்கத்துக்காக அது சிறிது நேரம் படுத்தே தீர வேண்டும். படுத்ததைக் கண்டவர் செத்ததென்பர். ஈக்களைத் தடுக்க முகத்தில் மாட்டும் வலைமூடியின் ஊடாகக் குதிரை நன்றாகவே பார்க்கும். கண்ணைக் கட்டிக் கொடுமைப்படுத்துகின்றார்கள் என்று முறைப்பாடு செய்வோர் உளர். முதுகிற் பனி உருகாது படிந்திருத்தல், உடற்சூடு வீணே வெளியேறாதபடி மயிர் காக்கின்றது என்பதற்கு அடையாளம். அதையே இரக்கமின்மையின் உச்சமெனக் கண்ணீர் வடிப்போரைக் காணலாம். முதுமையினால் மெலிந்த குதிரையைத் தன் இறுதி நாள்வரை கண்ணெனக் காக்கும் ஒருவர், விற்றுக் கைகழுவாத குற்றத்துக்காகவே கொடியவர் எனப் பெயர் வாங்குதலும் உண்டு. அப்பால் நடப்பது தெரிந்த கதை: ஒருவர் ஐயம் எழுப்ப, நூறு பேர் அதனை உறுதி செய்ய, ஆயிரம் பேர் சினங்கொள்ள, உரிமையாளரின் முகவரியும் தொலைபேசி எண்ணும் பகிரங்கமாகின்றன. உண்மையான முறைப்பாட்டைக் கேட்க வேண்டிய பரிசோதகரின் மேசை, பனி படிந்த முதுகுகளால் நிறைந்துவிடுகின்றது. விலங்கின் பேரில் எழுந்த இவ்வாரவாரத்தில் விலங்குக்கு ஒரு வாளி நீரும் கிடைப்பதில்லை.

இவ்வளவும் கேட்டு உரிமையாளர் மகிழ்வாராயின் அம்மகிழ்ச்சி அவசரமானது. அறியாத சனங்களின் அலட்டல் என்று சொல்லிப் பார்வையாளர் அனைவரையும் தள்ளிவிடுதல் இலகு. ஒரே கொட்டிலை நாள்தோறும், வாரக்கணக்கில் பார்த்திருப்பவரிடம், ஒருநாள் ஒரு மணித்தியாலம் வந்து செல்லும் பரிசோதகரிடம் இல்லாத ஓர் அறிவு உண்டு. அது கால அளவு பற்றிய அறிவு. தீன்வலை எப்போது வெறுமையாயிற்று, மறுபடி எப்போது நிறைந்தது, எத்தனை நாள் சாணம் அள்ளப்படவில்லை, குதிரை எத்தனை நாள் வெளியே கொண்டு செல்லப்படவில்லை, இரவில் எத்தனை முறை தன் விலாவைத் திரும்பிப் பார்த்து நிலத்திற் புரண்டது என்பன எல்லாம் தொடர்ந்து பார்த்தவருக்கே தெரியும். குதிரையால் வாந்தியெடுக்க இயலாது; அதன் வயிற்றுவலி இரவுக்குள் உயிரைக் குடிக்கும். அத்தகைய இரவொன்றில் எவரும் வரவில்லை என்பதைக் கண்டு குறித்து வைத்திருப்பவரின் சொல்லை, குதிரையைத் தொட்டறியாதவர் என்ற காரணத்துக்காக ஒதுக்குதல் நியாயமாகாது. பரிசோதகர் வருவது அறிந்து கொட்டிலைக் கூட்டிப் புதுவைக்கோல் பரப்புதல் அரை மணித்தியால வேலை. தொடர்ந்த பதிவை அவ்வாறு கூட்டிவிட முடியாது. கமெராவின் மெய்யான பயன் இதுவே. இப்பயனையே உரிமையாளரிற் சிலர் விரும்புவதில்லை. குட்டி பிறக்கும்வரை உலகையே வருக வருகவென அழைத்து, நன்கொடையும் விளம்பரப் பணமும் பெற்று, குளம்பைப் பற்றி ஒருவர் வினவியதும் இது தனியார் சொத்து, விருப்பமில்லாதவர் பார்க்க வேண்டாம் என்று கதவடைப்பவரின் திறந்தமனம் எத்தகையது?

காட்சிக்கும் பராமரிப்புக்கும் உள்ள இடைவெளியை விளக்க, குதிரையல்லாத ஓர் உதாரணம் மிகப் பொருத்தமானது. நியூயோர்க் மாநிலத்தின் ஹாப்பர்ஸ்வில் என்ற சிற்றூரிலுள்ள விலங்குப் பூங்காவொன்றில் ஏப்ரில் என்னும் ஒட்டகச்சிவிங்கி சினையாய் இருந்ததை 2017இல் உலகம் கமெராவிற் கண்டுகொண்டிருந்தது. வாரக்கணக்காகக் காத்திருந்தனர், விளையாட்டுப் பொருள் விற்கும் பெருநிறுவனம் ஒன்று அனுசரணை வழங்கியது. ஏப்ரல் 15ஆந் திகதி கன்று பிறந்த வேளையில் 12 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே சமயத்திற் பார்த்திருந்தனர். 2021இல் மூட்டுநோய் முற்றி, மிருக வைத்தியர்களின் ஆலோசனைப்படி அவ்விலங்கு வலியின்றி உயிர்நீங்கச் செய்யப்பட்டது. அங்குப் பராமரிப்பிற் குறை நேர்ந்ததென்று கூறுவதற்காக இது எடுத்துக் காட்டப்படவில்லை. பிறப்பு ஒரு காட்சி; மூட்டு தேய்தல் காட்சியாகாது. கூட்டம் எதற்குக் கூடும், எதற்குக் கூடாது என்பதை இவ்வொரு விலங்கின் வரலாறே காட்டுகின்றது. பராமுகம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

இனிச் சட்டம். இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் உரிய 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் இவ்விடயத்தில் ஒரு திருப்பம். அதற்கு முன்னர், விலங்கு துன்புற்றது என்பதை நிறுவினாலன்றி வழக்கு நிற்பது கடினம். துன்பம் நேரும்வரை அதிகாரி காத்திருக்க வேண்டியிருந்தது. புதிய சட்டத்தின் 9ஆம் பிரிவு, விலங்குக்குப் பொறுப்பானவர் மீது நேரடியான கடமையைச் சுமத்தியது. தக்க உறைவிடம், தக்க உணவு, இயல்பான நடத்தைக்கு வாய்ப்பு, பிற விலங்குகளோடு சேர்ந்தோ பிரிந்தோ இருப்பதற்கான தேவை, நோவு நோய்களிலிருந்து பாதுகாப்பு என்பன அக்கடமையின் கூறுகள். 2008ஆம் ஆண்டு ஜனவரியில் பக்கிங்காம்ஷயரின் அமர்ஷாமுக்கு அருகிலுள்ள ஸ்பிண்டில் பண்ணையில் நூற்றுக்கு மேற்பட்ட குதிரைகளும் மட்டக்குதிரைகளும் கழுதைகளும் மீட்கப்பட்டன. முப்பதுக்கு மேற்பட்டவை பிணங்களாய்க் கிடந்தன, சில அழுகி எலும்பாயிருந்தன. உயிரோடிருந்தவை அப்பிணங்களின் நடுவே நின்றன. 2009இல் உரிமையாளர் குடும்பத்தினர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். அப்பண்ணை மனித சஞ்சாரமற்ற மலைக்காட்டில் இருந்ததன்று. இலண்டன் மாநகருக்கு அணித்தே இருந்தது. நூறு குதிரைகள் அந்நிலையை அடைவதற்கு முன் வேலிக்கு வெளியே எத்தனை கண்கள் கடந்து சென்றிருக்கும்! கண்ட கண்ணுக்குக் கடமை இல்லையெனின் கண்டதனால் ஆவதொன்றில்லை.

ஐக்கிய அமெரிக்காவின் நிலை இதனினும் இழிந்தது. 1966இல் இயற்றப்பட்டுப் பின்னர் திருத்தப்பட்ட அந்நாட்டுக் கூட்டாட்சி விலங்கு நலச் சட்டம், ஆய்வுக்குப் பயன்படாத குதிரையை விலங்கு என்னும் வரைவிலக்கணத்திலிருந்தே விலக்கிவிடுகின்றது. சட்டத்தின் கண்ணிற் குதிரை விலங்கன்று! ஆகவே மாநிலங்களின் கொடுமைத்தடைச் சட்டங்களே புகல். அவை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும், அமுலாக்கம் மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும். ஒரு மாநிலத்து லாயத்தை வேறொரு கண்டத்திலிருந்து பார்ப்பவர் எங்கு முறையிடுவார்? லாயம் எந்த மாவட்டத்திலுள்ளது என்பதே திரையில் இராது. முறையிட வழியற்ற பார்வையே கூச்சலாகத் திரிகின்றது என்பதையும் நேர்மையோடு சொல்லத்தான் வேண்டும்.

கமெராவைச் சட்டமே கட்டாயமாக்கிய இடமும் உண்டு. இங்கிலாந்தில் 2018ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளின்படி, உயிருள்ள விலங்கு நிற்கும் மடுவங்களின் எல்லாப் பகுதிகளிலும் கமெரா இருத்தல் வேண்டும். பதிவுகளை 90 நாள் பேண வேண்டும். அரசாங்க மிருக வைத்தியர் கேட்டபோது அவற்றைக் காட்ட வேண்டும். லாயத்துக் கமெராவோடு ஒப்பிடின் இது எவ்வளவோ மேல்: யார் பார்ப்பது, எவ்வளவு காலம் பேணுவது, கண்டால் யாது செய்வது என்பன வரையறுக்கப்பட்டுள்ளன. அப்படியிருந்தும் 2021 ஜூலையில் பி.பி.சி.யின் பனோரமா நிகழ்ச்சி ஒளிபரப்பிய காட்சிகள், பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரைகள் ஆங்கில மடுவமொன்றில் ஒன்றன் கண்முன் ஒன்று சுடப்பட்டதையும், தொலைவில் நின்று சுட்டதையும் காட்டின. அக்காட்சிகளை எடுத்தது சட்டம் கட்டாயப்படுத்திய கமெரா அன்று. விலங்கு உரிமை இயக்கமொன்று இரகசியமாக வைத்த கமெராவே அவற்றை எடுத்தது. சட்டத்தின் கமெரா இருந்த நாட்டில், இருந்த தொழிலில், அது நிகழ்ந்தது. பதிவு இருந்து பார்ப்பவர் இல்லையெனின் பதிவு வெறும் நாடாவே.

மறுபுறத்தில், உரிமையாளர் விரும்பாத கமெராவைக் குற்றமாக்கிய சட்டங்களையும் அமெரிக்க மாநிலங்கள் சில இயற்றின. கன்சாஸ் 1990இலேயே வழிகாட்டியது. ஐடஹோவில், பாற்பண்ணையொன்றில் மறைவாக எடுத்த ஒளிப்பதிவு வெளிவந்ததன் பின்னர், பண்ணைகளில் அனுமதியின்றி ஒளிப்பதிவு செய்வதை 2014இற் குற்றமாக்கினர். அத்தடை பேச்சுச் சுதந்திரத்துக்கு மாறானதென்று 2018இற் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. தான் திருப்பி வைத்த கமெரா வெளிப்படைத்தன்மை. பிறர் வைத்த கமெரா அத்துமீறல் என்னும் இந்த நியாயத்தைப் பண்ணை முதலாளி மட்டும் கைக்கொள்ளவில்லை, சட்டமன்றமும் கைக்கொண்டது. எந்த மூலையைக் காட்டுவது, எப்போது அணைப்பது என்பது உரிமையாளரின் விரலில் இருக்கும்வரை, லாயம் உலகுக்குத் திறந்து கிடக்கின்றது என்ற பேச்சைக் கடைத்தெருக் கண்ணாடிப் பெட்டியின் பேச்சாகவே கொள்ள வேண்டும்.

இவ்விவாதத்தில் ஒருவரும் எண்ணிப் பார்க்காத ஒருவர் இருக்கின்றார். அவர் லாயத் தொழிலாளி. விடியுமுன் எழுந்து ஒவ்வொரு காலையும் கையால் தடவிச் சூடு இருக்கின்றதா எனப் பார்ப்பவர்; இரவில் விழுந்த சாணத்தின் அளவையும் இறுக்கத்தையும் கொண்டே குடல் ஓடுகின்றதா என்பதை அறிபவர்; உதட்டைத் தூக்கி ஈறின் நிறம் நோக்கி, விரலால் அழுத்தி, வெளுத்த இடம் இரண்டு நொடியிற் சிவக்கின்றதா என எண்ணுபவர்; தீன் வாளியின் ஓசைக்குத் தலை தூக்காத குதிரை எது என்பதைக் கண்டவுடன் சொல்பவர். கமெராவின் மிகப் பெரிய கவர்ச்சி, இவருக்குக் கொடுக்கும் கூலி மிச்சமாகும் என்பதே. இராக்காவலுக்கு ஆள் வேண்டியதில்லை, கையடக்கத் தொலைபேசியிலேயே பத்துக் கொட்டில்களையும் பார்க்கலாம் என்று விற்பனையாளர் கூறுகின்றார். உரிமையாளர் கணக்குப் பார்க்கின்றார். பத்துக் கொட்டில்களையும் பார்க்கலாம் என்பது மெய். அவற்றுள் ஒன்றில் குதிரை புரள்வதைக் கண்டால், பத்துக் கல் தொலைவிலிருந்து மோட்டார் வண்டியை எடுத்து வந்து சேர்வதற்குள் குடல் முறுகியிருக்கும் என்பதும் மெய். பல ஆண்டு தொட்டுப் பழகியதால் வந்த கைத்திறனுக்கு விலை மிகக் குறைந்துவிட்ட சமுதாயத்தில், அத்திறன் இன்மையால் விளையும் குறையைக் கண்டுபிடிக்கும் வேலையையும் கூலியின்றிப் பார்வையாளரிடமே ஒப்படைத்திருக்கிறார்கள். பார்வையாளர் அதனைத் தமது கருணை எனக் கருதுகின்றனர். முதலுக்கு அது ஊதியமில்லா உழைப்பு.

நெடுந்தீவுக் குதிரைகள் கோடையில் நீருக்கு அலையும் நாட்டில், அமெரிக்கக் கொட்டிற் குதிரையைப் பற்றி இவ்வளவு பேச்சு எதற்கு என்று இலங்கை வாசகர் கேட்கக்கூடும். கேள்வி தக்கதே. அத்தீவின் குதிரைகளுக்குக் கமெரா இல்லை. ஆயின் அவற்றின் நிலையை ஒருவரும் அறியாரல்லர். வறட்சி வருந்தோறும் அவை வாடுவதும் மடிவதும் செய்தியாகின்றன, படமாகின்றன, பார்ப்பவர் வருந்துகின்றனர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுச்சென்றவை எனப்படும் அக்குதிரைகளுக்கு நாளை காலை நீர்த்தொட்டியை நிரப்ப வேண்டியவர் இன்னார் என்று எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெயர் இருந்தால் அன்றோ வருத்தம் தண்ணீராக மாறும்? கமெரா பொருத்திய லாயத்திலும் கமெரா இல்லாத தீவிலும் இல்லாதது அந்த ஒரு பெயரே.

ஆதலின் கோரப்பட வேண்டியது யாது என்பது தெளிவு. லாயத்தைப் பொதுமக்களுக்குக் காட்டிப் புகழோ பொருளோ பெறுபவர், அதனாலேயே பொதுக் கடமையொன்றுக்கும் உட்படல் வேண்டும். இரவில் அக்கொட்டிலுக்குப் பொறுப்பாய் நடந்து செல்லும் தூரத்தில் இருப்பவர் யார், முறைப்பாட்டை ஏற்கும் அதிகாரியின் அலுவலகம் எது என்பன காட்சியோடு கூடவே திரையில் இருத்தல் வேண்டும். அத்தகைய ஒருவரை வைத்திருக்க இயலாதவர் காட்சி நடத்த வேண்டியதில்லை. பதிவுகள் மடுவத்திற் போலவே குறித்த காலம் பேணப்படவும், மிருக வைத்தியரும் பரிசோதகரும் கேட்டபோது தரப்படவும் வேண்டும். பார்வையாளரும் தாம் கண்டதை நாள், நேரம், கால அளவு குறித்து அந்த அலுவலகத்துக்கு எழுதட்டும். ஊரைக் கூட்டி ஒருவரின் வீட்டு வாசலில் நிறுத்துவதனால் குதிரைக்கு ஆவதொன்றில்லை என்பதை இத்தனை ஆண்டுகளின் பின்னும் உணராதவர், தமது சினத்தைக் காக்கின்றாரேயன்றிக் குதிரையைக் காக்கவில்லை. பரிசோதகரும் திரையைப் பார்த்து முடிவுகட்டாது, கையுறையைக் கழற்றி விலாவைத் தடவிப் பார்க்கட்டும். முறைப்பாடு எழுந்த மறுநாளே கமெரா பழுதாகித் திரை இருண்டுவிட்டதென்று உரிமையாளர் சொல்வாராயின், வேறு சான்றுக்குக் காத்திராமல், அன்றைக்கே அந்த லாயத்தின் கதவைத் தட்டும் அதிகாரம் பரிசோதகருக்கு இருத்தல் வேண்டும்.